மந்திரப் பெயர் வைத்துக்கொள்வது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழ் விக்கா வழியினருக்கு ஒரு வழிகாட்டி

விக்கா என்னும் இயற்கை வழிபாட்டு மந்திர மதத்தில், மந்திரப் பெயர் என்பது சடங்கு நடக்கும் வட்டத்துக்குள் உங்களைக் கூப்பிடும் பெயர். சடங்கின்போது பஞ்சபூதங்களிடமும் தேவதையிடமும் "இன்னார் வந்திருக்கிறேன்" என்று சொல்வது அந்தப் பெயரில்தான். உடன் நிற்பவர்கள் உங்களை அழைப்பதும் அதே பெயரில்தான். அதனால் அதற்கு முதலில் வேண்டியது, வாயில் தடங்கலின்றி வருவதும் கேட்டதும் நீங்கள் திரும்பிப் பார்ப்பதும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெயரைக் கண்ணால் தேர்ந்தெடுக்கிறார்கள். நோட்டில் எழுதிப் பார்த்து அழகாக இருக்கிறதே என்று முடிவு செய்துவிட்டு, முதல் சடங்கிலேயே உச்சரிக்கத் தடுமாறுகிறார்கள். கீழே சொல்லும் முறை முழுவதும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதையே நம்பியிருக்கிறது.

எப்போது வைப்பது

தனியாகப் பயிற்சி செய்கிறவர் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கவன் எனப்படும் குழுவில் சேர எண்ணம் இருந்தால் பொறுங்கள். விக்காவின் மூத்த மரபுகளான கார்டனேரிய, அலெக்சாண்டிரிய மரபுகளில் தீட்சை மூன்று படிகளாக நடக்கும். பெயர் முதல் படியிலேயே வட்டத்துக்குள் அறிவிக்கப்படும். அதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் பயில்வது பழைய வழக்கம். குழுவில் ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கும் பெயரையோ அதே ஒலியுடைய பெயரையோ தலைமைப் பூசாரிணி ஏற்க மாட்டார். அதனால் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு போகாமல் இரண்டு மூன்றோடு போவது நல்லது. 'லேடி', 'லார்டு' என்ற அடைமொழிகள் பல குழுக்களில் தீட்சைப் படியைக் குறிப்பவை. தாமாகவே அவற்றைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவரை மூத்தவர்கள் நல்ல கண்ணோடு பார்ப்பதில்லை.

ஒன்றா, இரண்டா?

இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டங்களிலும் இணையத்திலும் புழங்க ஒரு வெளிப்பெயர், வட்டத்துக்குள் மட்டும் சொல்ல ஓர் உள்பெயர். இது ஆடம்பரத்துக்குச் செய்வதில்லை. இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951 வரை நடப்பில் இருந்தது. இன்றைய விக்காவுக்கு வடிவம் கொடுத்த ஜெரால்டு கார்டனர் 1949இல் தம் நாவலை வெளியிட்டபோது சொந்தப் பெயரைப் போடாமல் 'சீரே' என்ற மந்திரப் பெயரைத்தான் போட்டார். அவரிடம் 1953இல் தீட்சை பெற்ற டோரின் வாலியன்டேயின் பெயர் 'அமெத்'.

தென்னாப்பிரிக்காவில் காரணம் இன்னும் அழுத்தமானது. 1957ஆம் ஆண்டின் 3ஆம் எண் சூனிய ஒடுக்கச் சட்டம், இன்னொருவரைச் சூனியக்காரர் என்று கைகாட்டுவதைக் குற்றமாக்கியது. மாந்திரீக சக்தி இருப்பதாகக் காட்டிக் காசு வாங்குவதும், கூலிக்குக் குறி சொல்வதும் அதே சட்டத்தில் குற்றங்கள்தான். விக்கா போன்ற இயற்கை வழிபாட்டினரின் பேகன் அமைப்புகள் இந்தச் சட்டத்தை மறு ஆய்வு செய்யக் கோரி 2007இல் சட்டச் சீர்திருத்த ஆணையத்திடம் போயின. 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது, உண்மைதான். ஆனாலும் சாசனம் ஊர் வாயை மூடாது. லிம்போபோவிலும் குவாசூலு-நட்டாலிலும் 'உம்தகதி' (ஜூலு மொழியில் சூனியக்காரர்) என்று பழி சுமத்தப்பட்டவர்கள் வீட்டோடு எரிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் எந்தச் சடங்கும் செய்யாத வயதான பெண்கள். நம் வீடுகளிலும் 'ஏவல்', 'சூனியம்' என்ற சொல் காதில் விழுந்தாலே ஆயா வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிடுவார். உங்கள் உள்பெயர் அலுவலகத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் தெரியாமல் இருப்பதில் தவறே இல்லை.

டாரட் சீட்டில் குறி பார்த்துக் காசு வாங்குகிறவர் அந்த வேலைக்கு மந்திரப் பெயரைப் போடவே கூடாது. வெளிப்பெயருக்குத் தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். உங்கள் கைபேசி எண் உள்ள வாட்ஸ்அப் கணக்கில் அதைப் போடாதீர்கள். பெயர் வெளியே கசிவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

பெயர் எங்கிருந்து எடுப்பது

ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் ரேவன், உல்ஃப், லூனா, மோர்கனா என்று தொடங்குவார்கள். ஒரே கூட்டத்தில் இரண்டு லூனா இருந்தால் யாரைக் கூப்பிட்டாலும் இருவரும் திரும்புவார்கள். அதைவிடப் பெரிய குறை, ஓநாயை டர்பனில் நீங்கள் பார்த்ததே இல்லை. பார்த்துப் பழகாத ஒன்றின் பெயரைச் சொல்லும்போது மனதில் படம் எழாது. படம் எழாவிட்டால் சடங்கில் மனம் குவியாது.

மூன்று பக்கம் தேடுங்கள்: வானம், மண், குடும்பம்.

வானத்தைத் தேடும்போது நீங்கள் நிற்பது தெற்கு அரைக்கோளம் என்பதை மறக்காதீர்கள். துருவ நட்சத்திரம் டர்பனிலிருந்து தெரியவே தெரியாது. சப்தரிஷி மண்டலம் வடக்குத் தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும், அதுவும் அரைகுறையாக. 'துருவா' என்று பெயர் வைத்துக்கொண்டால் அந்த நட்சத்திரத்தை இங்கிருந்து ஒருநாளும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. மாறாக, அகத்திய நட்சத்திரம் தமிழ்நாட்டில் தெற்கே தாழ்ந்து தெரிவது. இங்கே கோடைகால இரவில் உயர ஏறி நின்று ஒளிவிடும். கார்த்திகைக் கூட்டம் இன்னும் பொருத்தமானது. ஜூன் மாதத்தில் விடியலுக்கு முன் அது கிழக்கே மறுபடி தோன்றும்போது ஜூலு மக்கள் அதை 'இசிலிமேலா' என்று கண்டு உழவுக் காலத்தைக் கணித்தார்கள். இந்த அரைக்கோளத்து விக்காவினர் குளிர்கால உச்ச விழாவான யூல் கொண்டாடுவதும் ஜூன் 21ஐ ஒட்டித்தான். கார்த்திகைக்குப் பழந்தமிழில் 'ஆரல்' என்றும் பெயர். சின்னதாக, வாய்க்கு வாகாக இருப்பதால் இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டுக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

பருவப் பெயர்களில் பலர் சறுக்குகிறார்கள். மார்கழி இங்கே கொளுத்தும் கோடை. 'மார்கழிப்பனி' என்ற பெயரோடு டிசம்பர் 21 சடங்கில் நின்றால், மற்றவர்கள் கோடை உச்சமான லித்தாவைக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். இறந்தவர்களை நினைக்கும் சம்ஹைன் விழா இங்கே ஏப்ரல் கடைசியில் வரும்.

மண் பக்கம் வந்தால் மரங்களைப் பாருங்கள். நட்டால் கடற்கரை ஈரநிலங்களில் வளரும் உம்டோனி மரம் நம் நாவல் மரத்தின் இனம். மாரியம்மன் வழிபாட்டுக்கு வேப்பிலை கிடைக்காத இடங்களில் நம்மவர்கள் கையில் எடுத்தது வேம்பின் உறவான சிரிங்கா மரத்தின் இலை. நூறு ஆண்டுக்கு மேலாக அந்த இலையைப் பிடித்துக் கும்பிட்ட கைகளின் வழியில் வந்தவருக்கு அது வெறும் மரமல்ல. நாவல், தாழை, அலை, உப்பு, சுடர் என்று ஒற்றைச் சொல்லாக எடுத்தால் போதும். அடைமொழி சேர்த்து நீட்டத் தேவையில்லை.

குடும்பம்தான் வளமான இடம். நிதானமாகத் தேடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் கப்பல் பட்டியலில் எழுதி வைத்தார்கள். உங்கள் வீட்டில் பழைய ஒப்பந்த எண் தெரிந்தால் அந்தப் பட்டியலில் கிராமப் பெயரைப் பிடித்துவிடலாம். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆகியிருப்பார். தேடும்போது நான்கைந்து எழுத்துக்கூட்டல் போட்டுப் பாருங்கள்.

கிடைத்த மூதாதையின் பெயரை அப்படியே எடுக்காதீர்கள். பேரப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம்தான், அதில் குற்றமில்லை. சடங்கில் சிக்கல் வேறு. சம்ஹைன் இரவில் இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பீர்கள். அழைக்கிறவருக்கும் அழைக்கப்படுகிறவருக்கும் ஒரே பெயர் இருந்தால் அழைப்பு குழம்பும். அவருடைய ஊர், ஊரின் ஆறு, குலதெய்வத்தின் கையில் உள்ள ஆயுதம், வீட்டுத் தொழிலின் கருவி இப்படி ஒன்றை எடுங்கள். வயலட் ஃபர்த் என்ற ஆங்கிலேயப் பெண், 'தேயோ, நோன் ஃபோர்ச்சுனா' என்ற லத்தீன் தம் குடும்ப வாசகத்திலிருந்துதான் 'டியான் ஃபார்ச்சூன்' என்ற பெயரை உருவாக்கிக்கொண்டார்.

எடுக்கக் கூடாதவை

தெய்வப் பெயரை எடுக்காதே என்று மேற்கத்திய வழிகாட்டிகள் கண்டிப்பாகச் சொல்லும். காளியம்மா, மாரி, முருகன் என்று பிள்ளைகளைத் தினமும் கூப்பிடும் நமக்கு அந்த அச்சம் பொருந்தாது. ஆனால் நீங்கள் வட்டத்தில் காளியை அழைக்கப்போகிறவர் என்றால் உங்கள் பெயரும் காளியாக இருக்க வேண்டாம். மூதாதைக்குச் சொன்ன அதே காரணம்தான்.

கோகோ, ம்குலு போன்ற, சங்கோமா எனப்படும் ஆப்பிரிக்கப் பாரம்பரிய வைத்தியர்களின் பட்டங்களைத் தொடவே கூடாது. உகுத்வாசா என்னும் கடும் பயிற்சியில் மூதாதை ஆவிகளின் அழைப்பை ஏற்று வந்தவர்களுக்கு உரியவை அவை. சந்தையில் இம்பெப்போ என்னும் தூப மூலிகை வாங்கிப் புகைத்துவிட்டதால் உங்களுக்கு அந்த உரிமை வந்துவிடாது. அதேபோல சைவ மடத்திலோ குருவிடமோ ஏற்கெனவே தீட்சை நாமம் வாங்கியிருந்தால் அதை இங்கே கொண்டுவராதீர்கள். அது கொடுத்தவரின் மரபுக்குச் சொந்தம்.

பன்னிரண்டு பெயர் எழுதி மூன்றாகக் குறைப்பது

பன்னிரண்டு பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று குரலில் சொல்லுங்கள்: காதோடு கிசுகிசுப்பாக, இயல்பான குரலில், பிறகு அடுத்த வீட்டு மதில் தாண்டிக் கேட்கும்படி கூவி. கிசுகிசுத்தால் தேய்ந்துபோகும் பெயரும், கூவினால் உடையும் பெயரும் போகட்டும். நெடிலில் தொடங்கும் பெயர் தொலைவுக்குக் கேட்கும். நான்கு அசைக்கு மேல் போனால் மற்றவர்கள் சுருக்கிவிடுவார்கள், சுருக்கிய வடிவம் உங்களுக்குப் பிடிக்காது.

அடுத்து பிறமொழிக் காது. டர்பன் வட்டங்களில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஜூலுவும் ஆஃப்ரிக்கான்ஸும் கலந்திருக்கும். ழகரம் உள்ள பெயர் சிதையும்: யாழினி 'யாலினி' ஆவாள். அது உங்களை உறுத்தும் என்றால் அந்தப் பெயரை உள்பெயராக வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணிலா 'வெனிலா' ஆகிவிடும். காக்கை, காகினி என்பவற்றின் முதல் அசை ஆஃப்ரிக்கான்ஸில் மலத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக ஒலிக்கும். இதைப் பெயர் சூட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே ஒரு ஜூலு நண்பரிடமும் ஆஃப்ரிக்கான்ஸ் பேசுகிறவரிடமும் சொல்லிக் காட்டிவிடுங்கள். பெயர் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை, ஒலியைக் கேட்டால் போதும்.

எண் பார்ப்பது

கட்டாயமில்லை. பார்ப்பதானால் ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விக்கா வழிகாட்டிகள் பெரும்பாலும் பித்தாகரஸ் முறையைச் சொல்லும்: ஆங்கில எழுத்துகளை ஏ முதல் வரிசையாக 1 இலிருந்து 9 வரை எண்ணி, ஐ என்பதில் 9 முடிந்ததும் ஜேயில் மறுபடி 1 தொடங்க வேண்டும். பெயரின் எண்ணும் பிறந்த தேதியின் எண்ணும் ஒன்றாக வந்தால் பொருத்தம். பிறந்த தேதி 2-3-1990 என்றால் 2+3+1+9+9+0 = 24, 2+4 = 6. ஆரல் என்பதை முதலில் ஒற்றை 'ஏ' போட்டு எழுதினால் 1+9+1+3 = 14, அதாவது 5. இரட்டை 'ஏ' போட்டால் 15, அதாவது 6. தேதியோடு பொருந்துகிறது.

நம் ஊர் எண்கணித நிபுணர்கள் பார்ப்பது பெரும்பாலும் கல்தேய முறை. அதில் எந்த எழுத்துக்கும் 9 கிடையாது, வரிசையும் வேறு. அதே இரட்டை 'ஏ' ஆரலுக்கு அங்கே 8 வரும். எட்டைப் பார்த்துப் பயந்து பெயரைத் தூக்கி எறிகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முறையையும் கலந்து பார்த்தவர்கள்தான். எண்ணுக்காக எழுத்துக்கூட்டலை ஒரு முறை திருத்தலாம். அதற்கும் மேல் நான்கைந்து எழுத்தைத் திணித்தால் பெயரைப் படிக்கவே முடியாமல் போகும்.

ஒரு மாதம் புழங்கிப் பார்ப்பது

மூன்றில் ஒன்றைத் தேர்ந்து ஒரு முழு நிலவுச் சுற்று, அதாவது ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள், யாருக்கும் சொல்லாமல் புழங்குங்கள். காலையில் விளக்கேற்றும்போது ஒன்பது முறை, படுக்கும் முன் ஒன்பது முறை. சடங்கு நோட்டில் அன்றைய குறிப்பின் கீழே அந்தப் பெயரில் கையெழுத்துப் போடுங்கள். பத்து நாளுக்குள் கை தானாக எழுதத் தொடங்க வேண்டும். தியானத்தின் நடுவில் பெயரே நினைவுக்கு வரவில்லை என்றாலோ, சொல்லும்போது தெரிந்த ஒருவரின் முகம் குறுக்கே வந்தாலோ, மனதுக்குள் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தாலோ அதை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். மூன்றும் விழுந்தால் மறுபடி பன்னிரண்டு எழுதுங்கள்.

பெயர் சூட்டும் சடங்கு

வளர்பிறையில் செய்யுங்கள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஆங்கிலப் புத்தகப் படங்களில் வளர்பிறைக்கு வலப்பக்கம் ஒளிரும். தெற்கே அது தலைகீழ்: இடப்பக்கம் ஒளிர்ந்தால்தான் வளர்பிறை. வானத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாவிட்டால் பஞ்சாங்கம் பாருங்கள், ஆனால் சென்னை நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரம் கழியுங்கள். அங்கே ஒரு திதி அதிகாலை 2 மணிக்கு முடிகிறது என்றால் டர்பனில் முந்தைய இரவு 10.30க்கே முடிந்துவிடும்.

வேண்டியவை: சுமார் 10 சென்டிமீட்டர் உயர வெள்ளை மெழுகுவத்தி ஒன்று, தையல் ஊசி, பித்தளைச் செம்பில் 200 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி கல்லுப்பு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், சாம்பிராணி ஒரு சிட்டிகை, தணல் வைக்க மணல் நிரப்பிய கிண்ணம், சடங்கு நோட்டு. ஃபிளாட்டில் இருப்பவர் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தணலின் புகை மூடிய அறையில் ஆபத்து.

முதலில் பெயரை மெழுகில் கீற வேண்டும். ஊசி முனையைச் சுடரில் இரண்டு நொடி காட்டி, அடியிலிருந்து திரி நோக்கி அரை சென்டிமீட்டர் எழுத்தாகக் கீறுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகளை ஒரே அழுத்தில் ஆழமாகக் கீறினால் மெழுகு பொரிந்து உதிரும். மேலோட்டமாக ஒரு முறை, அதே கோட்டில் மறுமுறை கீறினால் 'ஆ'வின் சுழிகூடச் சுத்தமாக விழும். உதிர்ந்த துகளைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு எண்ணெயைத் தடவினால் எழுத்து பளிச்சென்று தெரியும். விக்காவினர் ரகசியமாக எழுதப் பயன்படுத்தும் தீபன் எழுத்தில் கீற விரும்புகிறவர் கவனிக்க: 1518இல் டிரிதேமியஸ் நூலில் அச்சான அந்த வரிவடிவத்தில் ஜே, யு, டபிள்யூ ஆகியவற்றுக்குத் தனி வடிவம் இல்லை. ஐ, வி, இரட்டை வி ஆகியவற்றைப் போட வேண்டும். தமிழிலேயே எழுதுவதுதான் நேர்த்தி என்பது எங்கள் கருத்து.

உப்பு நீரில் குளித்துவிட்டு வாருங்கள். செம்பு நீரில் கல்லுப்பைக் கரைத்து, ஆறடி அகலத்தில் வட்டமாகத் தெளித்துக்கொண்டு நடங்கள். சூரியன் இங்கே வடக்கு வழியாகப் போவதால் இங்குள்ள பலர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள், நெருப்பை வடக்கிலும் மண்ணைத் தெற்கிலும் வைப்பார்கள். டர்பனில் கடல் கிழக்கே இருப்பதால் நீரைக் கிழக்கில் வைப்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் அதையே தொடருங்கள்.

பிறகு நான்கு திசைக்கும் திரும்பி ஒவ்வொன்றிலும் மூன்று முறை சொல்லுங்கள்: "காற்றே, இந்த வட்டத்தில் என் பெயர் ஆரல்." நெருப்பு, நீர், மண் ஒவ்வொன்றையும் அப்படியே விளித்துச் சொல்லுங்கள். நடுவில் வந்து அமர்ந்து மெழுகுவத்தியை ஏற்றி, சாம்பிராணியைத் தணலில் இட்டு, எண்ணெயால் நெற்றி, தொண்டை, நெஞ்சு மூன்றிடத்தில் தொட்டு ஒவ்வொரு தொடுதலுக்கும் பெயரைச் சொல்லுங்கள். நோட்டில் தேதி, திதி, பெயர் எழுதுங்கள். வந்த வழிக்கு எதிராகச் சுற்றி வட்டத்தைக் கலையுங்கள். மெழுகுவத்தியை ஊதாமல் தம்ளரால் மூடி அணையுங்கள், எரிய விட்டுத் தூங்காதீர்கள். மீதியை அடுத்த இரவுகளில் ஏற்றி முடிக்கலாம்.

பெயர் கசிந்தால், பழையதானால்

உள்பெயர் வெளியாட்களுக்குத் தெரிந்துவிட்டால் பதற வேண்டாம். அதையே வெளிப்பெயராக்கிக்கொண்டு புதிய உள்பெயருக்கு மேலே சொன்னபடி தொடங்குங்கள். தீட்சைப் படி உயரும்போதும், வாழ்க்கை பெரிதாகத் திரும்பும்போதும் பெயர் மாற்றுவது வழக்கத்தில் உள்ளதுதான். மாதத்துக்கு ஒன்று மாற்றினால் மட்டும் எந்தப் பெயருக்கும் பழக்கம் ஏறாது.

விடுவதற்குத் தேய்பிறை நாள் எடுங்கள். பழைய பெயரைத் தாளில் எழுதி, நான்கு திசைக்கும் நன்றி சொல்லி, மணல் கிண்ணத்தில் எரித்து, சாம்பலை ஓடும் நீரில் விடுங்கள். அடுத்த அமாவாசை கழியும்வரை பெயரில்லாமலே சடங்கு செய்யலாம். நோட்டின் பழைய பக்கங்களில் போட்ட கையெழுத்தை அடிக்க வேண்டாம். எந்தச் சடங்கை எந்தப் பெயரில் செய்தீர்கள் என்பது பிறகு தேடும்போது தேவைப்படும்.